ஒட்டுப்போர்வைக்குப் பருவ இலக்கு வைப்பது எப்படி?

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். துணிக்கு முன், ஊசிக்கு முன், மெஷினுக்கு எண்ணெய் விடுவதற்கும் முன். தடித்த அட்டை, வழவழப்பான தாள், பக்கம் மறக்காமல் இருக்க ஒரு நாடா எல்லாம் இருக்கட்டும். டென்மார்க்கில் அநேகமாக எதை வாங்கினாலும் 25 சதவீத வரி உண்டு. அதைப் பார்த்துத் தயங்காதீர்கள். ஒட்டுப்போர்வைக்கென்று நீங்கள் வாங்கப்போகும் சாமான்களில் கடைசிவரை பயன்படப்போவது இது ஒன்றுதான்.

துண்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைக்கிறவர்களிடம் உலகெங்கும் ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. ஆண்டை நான்காகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பருவமும் தொடங்கும்போது எதையெல்லாம் முடிக்கப்போகிறோம் என்று எழுதுகிறார்கள். பருவம் போனதும் பட்டியலை எடுத்துப் பார்த்து, முடிந்ததற்கு நேரே சரிக்குறி போட்டு, முடியாததை அடுத்த பருவத்துக்கு மாற்றி எழுதுகிறார்கள். சரிக்குறி அபூர்வம், மாற்றி எழுதுவது ஒருநாளும் தவறாது. இதை முறையாகச் செய்ய, நாலு பருவமும் நாலு விதமாக இருக்கிற நாடு வேண்டும். மதுரையில் உட்கார்ந்து செய்தால் வெயில், கடும் வெயில், மழை, கொஞ்சம் குறைந்த வெயில் என்று தலைப்புப் போட வேண்டியிருக்கும். போர்வையே தேவைப்படாது என்பது வேறு விஷயம். டென்மார்க் இதற்கென்றே அமைந்த நாடு. டிசம்பரில் ஏழு மணி நேரப் பகல், ஜூனில் பதினேழரை மணி நேரப் பகல். முன்னது தைக்காமல் இருக்க ஒரு காரணம், பின்னது இன்னொரு காரணம்.

டேனிஷ்காரர்களுக்கும் இது பழக்கமான விஷயம்தான். 1928இல் தொடங்கிய ஹான்ட்அர்பைடெட்ஸ் ஃப்ரெம்மே என்ற கைவேலைச் சங்கம், மாதத்துக்கு ஒரு கிராஸ் ஸ்டிச் மாதிரி என்று ஆண்டுக் காலண்டர்கள் வெளியிட்டது. கெர்டா பெங்ட்சன் வரைந்த செடி கொடிகளும் காட்டுப்பூக்களும் அந்தச் சங்கத்தின் வழியாகத்தான் வீட்டுச் சுவர்களில் ஏறின. ஜனவரிப் பூவைத் தைத்த கையெல்லாம் நவம்பர்ப் பூவையும் தைத்திருக்கும் என்று நம்புகிறவர்கள் இந்தக் கட்டுரையை இத்துடன் மூடிவிடலாம். அவர்களுக்கு ஆலோசனை தேவையில்லை.

வாரக் கணக்கு

இந்த நாட்டில் திட்டம் போடுகிறவர்கள் தேதி சொல்வதில்லை, வார எண் சொல்கிறார்கள். பள்ளிக்கூடங்களின் இலையுதிர்கால விடுமுறை 42ஆம் வாரம். பிள்ளைகள் வயலில் உருளைக்கிழங்கு பொறுக்கக் கிடைத்த விடுமுறை அது. உருளைக்கிழங்கு விடுமுறை என்ற பெயர் இன்னும் போகவில்லை. குளிர்கால விடுமுறை பெரும்பாலான ஊர்களில் 7ஆம் வாரம். நீண்ட காலமாக இங்கே இருக்கிற நம் தமிழர்களும் "கலியாணம் 31ஆம் கிழமை" என்று சர்வ சாதாரணமாகப் பேசுகிறார்கள். முகூர்த்தத்தை ஐயர் பார்ப்பார், வார எண்ணை மண்டபக்காரர் பார்ப்பார்.

போர்வைக்கு இதைவிட வசதியான காலக்கணக்கு கிடையாது. "42ஆம் வாரத்துக்குள் மேல்துணி" என்று எழுதுங்கள். ஆண்டை மட்டும் எழுதாதீர்கள். ஆண்டு இல்லாத 42ஆம் வாரம் ஒருநாளும் காலாவதி ஆகாது.

இலக்கை எழுதும் மொழியிலும் கவனம் வேண்டும். "முடிப்பது" என்ற சொல் பட்டியலில் வரவே கூடாது. "முன்னேற்றம் காண்பது", "நிறச் சேர்க்கை பற்றித் தீர்மானத்துக்கு வருவது", "நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பின் வகைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது" என்றெல்லாம் எழுதலாம். அரசாங்க அறிக்கைகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இது தானாக வரும். இன்னொரு தந்திரம் அனுபவசாலிகள் எல்லோருக்கும் தெரியும்: போன வாரமே தைத்து முடித்த தலையணை உறையை முதல் வரியில் எழுதி, அந்த இடத்திலேயே சரிக்குறி போட்டுவிடுவது. பட்டியலுக்கு ஒரு களை வந்துவிடும்.

கையிருப்பு

அடுத்து, வீட்டில் இருக்கும் துணியைக் கணக்கெடுக்க வேண்டும். இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை: கணக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். போட்டால் என்ன ஆகும் என்று காட்டுகிறேன்.

டென்மார்க்கில் புருஷன் பெண்சாதி ஒரே கட்டிலில் படுத்தாலும் ஆளுக்கொரு போர்வை. வழக்கமான அளவு 140க்கு 200 சென்டிமீட்டர். யார் போர்வையை யார் இழுத்தார்கள் என்ற சண்டைக்கு இடமே இல்லாத ஏற்பாடு. ஆகவே நீங்கள் தைக்க வேண்டியது ஒற்றை அளவுதான். பத்து சென்டிமீட்டர் சதுரங்களாக வைத்தால் குறுக்கே 14, நெடுக்கே 20, ஆக 280 சதுரம். தையலுக்கு இடம் விட்டு ஒவ்வொன்றையும் 11.2 சென்டிமீட்டராக வெட்ட வேண்டும். உங்கள் அலமாரியில் இருக்கும் ஒரு நூல் சேலை ஐந்தரை மீட்டர் நீளம், ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான அகலம். கரையை ஒதுக்கிவிட்டுக் குறுக்கே ஒன்பது சதுரம் வெட்டினால்கூட, மூன்றரை மீட்டர் சொச்சத்தில் 280ம் கிடைத்துவிடும். முன்றானை அப்படியே மிஞ்சும். அடித்துணிக்கு இன்னொரு சேலை. சுற்றிலும் ஓரம் கட்டச் சுமார் ஏழு மீட்டர் நீளத்துக்குப் பட்டை. அதை மிஞ்சின துணியிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

அதாவது ஒரு போர்வைக்கு இரண்டு சேலை போதும். இந்த உண்மை தெரிந்த பிறகு துணிக்கடைக்குள் எந்த முகத்தோடு நுழைவீர்கள்? மீட்டர் நூறு குரோனருக்கு மேல் விலை சொல்கிற அமெரிக்கப் பூப்போட்ட பருத்தித் துணியை எப்படி வாங்குவீர்கள்? அதனால்தான் சொல்கிறேன், கணக்கு வேண்டாம். "கையிருப்பு: போதாது" என்று எழுதிவிட்டுக் கடைக்குப் புறப்படுங்கள்.

துணியை வாங்கிக் குவிப்பதில் நமக்கும் டேனிஷ்காரர்களுக்கும் நானூறு வருடப் பழக்கம். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். 1845இல் அதை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும்வரை, சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியைக் கப்பலில் ஏற்றிக் கோபன்ஹேகனுக்குக் கொண்டுபோனார்கள். கம்பெனி கலைந்தது, கொடி இறங்கியது. துணி போவது மட்டும் நிற்கவில்லை. இப்போது தி. நகரிலும் யாழ்ப்பாணத்திலும் வாங்கி விமானப் பெட்டிக்குள் அமுக்கிக் கொண்டுவருகிறோம். இரண்டு நூற்றாண்டுக் கம்பெனி வணிகத்துக்கும் ஒரு சித்தியின் ஒரு மாதப் பயணத்துக்கும் உள்ள வித்தியாசம், கம்பெனி கொண்டுபோன துணியை விற்றது என்பதுதான்.

பட்டைத் தொடாதீர்கள் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். கூறைச் சேலை தவிர எதையும் வெட்டலாம். பின்பக்கம் மெல்லிய ஒட்டுத்துணியை இஸ்திரி போட்டு ஒட்டிவிட்டால் பட்டு நழுவாது. 70ஆம் நம்பர் மெல்லிய ஊசி போட்டால் துளை தெரியாது. நூல் சேலையை வெட்டுவதற்கு முன் ஒரு தடவை தோய்த்துக் காயவிட வேண்டும், சுருங்குவது இப்போதே சுருங்கட்டும். சிவப்புச் சாயம் போகிறதா என்று வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். வங்காளத்துப் பெண்கள் இத்தனை சடங்கும் இல்லாமல், பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நெடுக நூலோட்டம் போட்டே காந்தா போர்வை தைத்துவிடுகிறார்கள். பஞ்சு விரிப்பு கிடையாது, நோட்டுப் புத்தகமும் கிடையாது. இந்த வழி வேலையை முடித்துவிடும் அபாயம் உள்ளது. ஆகவே நமக்கு உதவாது.

கருவிகள் பற்றி ஒரு வார்த்தை. டென்மார்க் 1907இல் மெட்ரிக் அளவைச் சட்டமாக்கிய நாடு. ஆனால் ஒட்டுப்போர்வை மாதிரிகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருவதால் கால் இஞ்சில்தான் தையல் விடச் சொல்லும். கால் இஞ்சு என்றால் 6.35 மில்லிமீட்டர். "ஆறு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோமே" என்று தைத்தால், குறுக்கே 14 சதுரம் சேரும்போது கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் நீண்டு நிற்கும். ஒரு வரிசை கால் இஞ்சிலும் அடுத்த வரிசை ஆறு மில்லிமீட்டரிலும் போனால் மூலைகள் ஒன்றை ஒன்று பார்க்கவே பார்க்காது. இந்த ஒரு விஷயத்தில் நம் ஊர்த் தையல்காரிகளுக்கு அனுகூலம் உண்டு. சிங்கர் மெஷின் இலங்கைக்கு வந்தது 1877இல்; அதிலிருந்து இன்றுவரை சட்டைக்கு அளவெடுப்பது இஞ்சில்தான். டேனிஷ் தோழிகள் கால்குலேட்டரைத் தேடும்போது நம் அன்ரிமார் கண்ணாலேயே கால் இஞ்சு விடுவார்கள். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். அந்த நேரத்தில் தைக்க வேண்டியிராது.

குளிர்காலம்

இலக்கு எழுத இதைவிட நல்ல பருவம் கிடையாது. விடிவது கிட்டத்தட்ட ஒன்பது மணிக்கு, நாலு மணிக்குள் இருட்டிவிடும். விளக்கு வெளிச்சத்தில் கருநீலமும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும். ஆகவே நிறம் தேர்ந்தெடுக்கக் கூடாது. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரியாது. ஆகவே தைக்கக் கூடாது. எழுதலாம். எழுதி முடித்ததும் தேநீர் குடிக்கலாம்.

இந்த இடத்தில்தான் டென்மார்க்கின் சரித்திரம் குறுக்கே வந்து தொல்லை கொடுக்கிறது. மத்திய யூலன்டில் ஹேர்னிங் நகரைச் சுற்றிய பகுதி ஒரு காலத்தில் வெறும் மணல் தரிசு. ஹெதர் புதரும் செம்மறி ஆடும் தவிர எதுவும் ஒழுங்காகப் பிழைக்காத நிலம். விளைச்சல் வயிற்றுக்குக் காணாததால் சனங்கள் கம்பளி நூலில் காலுறை பின்னினார்கள். பெண்கள் மட்டும் பின்னவில்லை. ஆண்கள் பின்னினார்கள், பிள்ளைகள் பின்னினார்கள், ஆடு மேய்க்கிறவன் நடந்துகொண்டே பின்னினான். குளிர்கால இரவுகளில் அயலவர்கள் ஒரு வீட்டில் கூடுவார்கள். ஒரே அடுப்பு, ஒரே விளக்கு, அத்தனை பேர் கையிலும் பின்னல் ஊசி. கை பின்னிக்கொண்டிருக்க, வாய் கதை சொல்லும், பாட்டுப் பாடும். ஸ்டீன் ஸ்டீன்சன் பிளிகர் 1842இல் எழுதிய 'ஏ பின்ஸ்டோவ்' இந்தப் பின்னல் வீட்டைப் பற்றியதுதான். அந்த மக்களின் கொச்சையிலேயே எழுதினார். அவர்கள் பின்னியதை, அனுமதி பெற்ற காலுறை வியாபாரிகள் முதுகில் சுமந்து நாடெங்கும் கொண்டுபோய் விற்றார்கள். பின்னாளில் ஹேர்னிங்கும் ஈகாஸ்டும் டென்மார்க்கின் துணித்தொழில் நகரங்களானதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

அந்தச் சனங்களிடம் இலக்குப் பட்டியல் எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் காலுறை முடிந்தது. வியாபாரி வாசலில் வந்து நிற்பான், கையில் காலுறை இல்லாவிட்டால் காசு இல்லை. அதோடு, பக்கத்தில் இருக்கிறவளுடைய கை ஓடிக்கொண்டிருக்கும்போது தன் கையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு எத்தனை நேரம் கதை கேட்க முடியும்? நம்முடைய முறைக்கு இது நேர் எதிர். நமக்கோ தனி அறை, தனி விளக்கு, கதவு சாத்தியிருக்கும், வாசலில் யாரும் வந்து நிற்பதில்லை.

1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த தமிழர்களில் பலர் குடியேறியதும் இதே யூலன்டில்தான். ஹேர்னிங்கில் பிள்ளையார் கோயிலும் பிரண்டாவில் அபிராமி அம்மன் கோயிலும் எழுந்தன. அதே பிரண்டாவில்தான் பெஸ்ட்செல்லர் என்ற பெரிய உடுப்புக் கம்பெனியின் தலைமையகம் இருக்கிறது. பருவத்துக்குப் பருவம் இலக்கு வைத்து, வைத்த இலக்கை முடிக்கிறவர்களை நேரில் பார்க்க விரும்பினால் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கலாம். ஒரு வித்தியாசம், தைப்பது வங்காளதேசத்திலும் இந்தியாவிலும் சீனாவிலும் துருக்கியிலும்.

குளிர்காலத்துக்கென்றே ஒரு விசேஷ இலக்கும் உண்டு. டேனிஷ் வீடுகளில் டிசம்பர் 1 முதல் 24 வரை நாளுக்கொரு சின்னப் பரிசுப் பொட்டலத்தைத் தொங்கவிட, 24 வளையங்கள் வைத்த ஒரு துணிக் காலண்டரைப் பாட்டிமார் எம்பிராய்டரி போட்டுத் தைப்பார்கள். மாற்ற முடியாத நாள், காத்திருக்கும் பேரப்பிள்ளை, எண்ணிச் சொல்லக்கூடிய வேலை. மூன்றும் சேர்ந்தால் எந்தத் துணியும் முடிந்துவிடும் என்பதால் இதை அதிக கவனத்தோடு அணுக வேண்டும். நவம்பர் கடைசியில் தொடங்குங்கள். பேரப்பிள்ளைக்கு அடுத்த ஆண்டும் டிசம்பர் வரும். பிள்ளை வளர்ந்து, 24 பரிசும் பணமாகவே வேண்டும் என்று கேட்கிற வயது வந்ததும் இலக்கைப் பட்டியலிலிருந்து மரியாதையாக நீக்கிவிடலாம்.

இளவேனில்

வெளிச்சம் திரும்பி வருகிறது. சொன்னதைக் கேட்காமல் டிசம்பரில் விளக்கடியில் சேர்த்து வைத்த நிறங்களைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கிறீர்கள். எல்லாவற்றையும் பெட்டிக்குள் திரும்பப் போடுகிறீர்கள். இந்தப் பருவத்துக்கு வேறு ஆலோசனை கிடையாது.

கோடை

கோடையில் இந்த நாட்டில் யாரும் வீட்டுக்குள் இருப்பதில்லை. ஜூலையில் மூன்று வாரம் தொழிற்சாலையே மூடிக்கிடக்கும், போர்வை எம்மாத்திரம். ஆனால் நம்மவர்களின் தையல் மெஷின்கள் ஆண்டிலேயே அதிகமாக ஓடுவது அப்போதுதான். கோயில் திருவிழா வருகிறது, கலியாணங்கள் வருகின்றன, சாமத்தியச் சடங்குகள் வருகின்றன. ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் சனம் வந்து சேரும். எல்லோருக்கும் சேலை இருக்கிறது, எல்லோருக்கும் சட்டை வேண்டும். தைக்கத் தெரிந்த அன்ரி ஊருக்கு ஒருவர், இரண்டு பேர். தேருக்கு முதல் நாள் அவருடைய வீட்டில் இப்படித்தான் பேச்சு நடக்கும்:

"அன்ரி, சட்டை தைச்சு முடிஞ்சுதே?"

"முடிஞ்ச மாதிரித்தான் பிள்ளை. கொளுக்கி மட்டும் கிடக்கு. பின்னேரம் வா."

"நாளைக்குத் தேர் அன்ரி."

"தேர் எண்டு எனக்குத் தெரியாதே? வாற நேரம் கொம்மான்ர சட்டையையும் எடுத்துக்கொண்டு போ, அதுவும் முடிஞ்சுது."

"உங்கட அந்தப் போர்வை என்னாச்சு அன்ரி? போன வருசமும் மேசையிலதானே கிடந்தது?"

"அது கிடக்குது. ஆருக்கு அவசரம்?"

இந்தக் கட்டுரையில் நான் எழுதிய எல்லா ஆலோசனையையும்விட அந்தக் கடைசி இரண்டு சொல் கெட்டிக்காரத்தனமானது. அதே அன்ரி, அதே மெஷின், அதே கத்தரிக்கோல். ஒரே இரவில் ஆறேழு சட்டைக்குக் கை பொருத்திக் கொளுக்கி வைக்கிற ஒருத்திக்கு 280 சதுரத்தைத் தைத்து முடிக்கத் தெரியாதா? சட்டைக்கு ஒரு பிள்ளை வாசலில் நிற்கிறாள், தேர் யாருக்காகவும் நிற்காது. போர்வைக்கு யாரும் நிற்கவில்லை, அவ்வளவுதான். சோம்பல், நேரமின்மை, ஒழுக்கக் குறைவு என்று பருவத்துக்குப் பருவம் பட்டியலின் ஓரத்தில் நாம் எழுதி வைக்கும் காரணங்களில் ஒன்றுகூட இதில் சம்பந்தப்படவில்லை.

இலையுதிர்காலம்: பரிசீலனை

42ஆம் வாரம் வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு விடுமுறை, வெளியே மழை, நோட்டுப் புத்தகத்தைத் திறக்க வேண்டிய நேரம். தைத்து முடியாதவற்றை எல்லாம் கட்டிலில் பரப்பி வையுங்கள். இவற்றை மூன்றாகப் பிரிக்கலாம் என்று கைவேலைப் புத்தகங்கள் சொல்லும்: முடிக்க வேண்டியவை, கொடுத்துவிட வேண்டியவை, எறிய வேண்டியவை. இரண்டாவதும் மூன்றாவதும் நடக்காது என்று உங்களுக்கும் தெரியும். 2023 ஜூலை முதல் டென்மார்க்கில் வீட்டுக் குப்பையைப் பத்து வகையாகப் பிரிக்க வேண்டும், அதில் பழந்துணியும் ஒன்று. கிழிந்து போனவை, வெட்டின துண்டுகள் எல்லாவற்றையும் சுத்தமாக, ஈரமில்லாமல் பைக்குள் போட்டு வைத்தால் நகரசபை வந்து எடுத்துக்கொண்டு போகும். நகரசபையால் செய்ய முடியாதது, அந்தப் பையிலிருந்து துண்டுகளைத் திரும்ப எடுத்து "இது சின்னச் சதுரத்துக்கு ஆகும்" என்று அலமாரிக்குள் வைக்கும் கையைத் தடுப்பது.

தாமதத்துக்காகக் கூசுகிறவர்களுக்கு ஒரு ராஜாங்க ஆறுதல். 1990இல் ராணி இரண்டாம் மார்கரெத்தேக்கு 50 வயது நிறைந்தபோது நாட்டின் வணிக நிறுவனங்கள் சேர்ந்து ஒரு பிறந்தநாள் பரிசு அறிவித்தன. டென்மார்க்கின் ஆயிரம் ஆண்டுச் சரித்திரத்தைச் சொல்லும் சித்திரத் திரைச்சீலைகள், கிறிஸ்தியன்ஸ்போ அரண்மனையின் பெருமண்டபத்துக்கு. பியோர்ன் நோர்கோர் வரைந்து கொடுக்க, பாரிஸின் புகழ்பெற்ற கோப்லான் நெசவாளர்கள் நெய்தார்கள். மொத்தம் 17 சீலைகள். திறந்து வைக்கப்பட்டது 2000இல், ராணியின் 60ஆவது பிறந்தநாளின்போது. பத்து ஆண்டு. பிரான்ஸ் அரசாங்கத்தின் நெசவுக்கூடத்தில் நெய்த சீலைகளுக்கே இத்தனை காலம் ஆனதை நினைத்து உங்கள் தங்கச்சியின் கலியாணப் போர்வையை, அவளுடைய பிள்ளையின் கலியாணத்துக்குக் கொடுக்கலாம். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ராணியும் ஊசி பிடிக்கிறவர். பாதிரிமாரின் பூசை அங்கிகளுக்கு வடிவம் போட்டவர். அவருடைய எம்பிராய்டரிகளை 2021இல் கோல்டிங்ஹூஸ் அரண்மனையில் கண்காட்சியாகவே வைத்தார்கள். ஒரு நாட்டை ஆண்டுகொண்டே அவர் தைத்து முடித்தது, நேரமில்லை என்று சொல்கிற நமக்குச் செய்த துரோகம் என்றே கருத வேண்டியிருக்கிறது.

முடியாத வேலையை அடியில் வைத்து மேலே வேறு துணியை அடுக்குவது, தள்ளிப்போடுவதிலேயே பழமையான முறை. துணிக்கு இது பொருந்தும். இதே முறையை இந்த நாட்டின் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹன்சன் 1987இல் மனிதர்கள்மேல் பிரயோகித்தார். இங்கே அகதிகளாக ஏற்கப்பட்ட தமிழர்கள் தங்கள் மனைவி மக்களை அழைத்துக்கொள்ளப் போட்ட விண்ணப்பங்களை, சட்டம் அந்த உரிமையைக் கொடுத்திருந்தபோதும், எடுக்காமல் அப்படியே கிடப்பில் போட வைத்தார். பிரதமர் போல் ஷ்லூட்டர் 1989இல் நாடாளுமன்றத்தில் எழுந்து, கம்பளத்தின் அடியில் எதுவும் கூட்டித் தள்ளப்படவில்லை என்று சொன்னார். 1993 ஜனவரி 14, தைப்பொங்கலை ஒட்டிய நாள், விசாரணை அறிக்கை வெளிவந்தது. பிரதமர் பதவி விலகுவதாக அறிவித்தார். 1995இல் நின்-ஹன்சனுக்கு நான்கு மாதச் சிறைத்தண்டனை, நிறுத்தி வைக்கப்பட்ட தண்டனையாக, விதிக்கப்பட்டது. அந்தக் கடதாசிகள் அடியில் கிடந்த காலத்தில் இலங்கையின் வடக்கில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. இன்று பிரண்டாவிலும் ஹேர்னிங்கிலும் பேரப்பிள்ளைகளோடு இருக்கிற பல பாட்டிமார், ஒரு காலத்தில் அந்த அடுக்கின் அடியில் ஒரு பெயராகக் கிடந்தவர்கள். அவர்கள் வீட்டில் ஒரு போர்வை பத்து வருடம் கிடந்தால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

மற்றவர்களுக்குச் சொல்லலாம். பட்டியலை அடுத்த பருவத்துக்கு மாற்றி எழுதுவதற்கு முன், ஒவ்வொரு வரிக்கும் நேரே அது யாருக்கு என்று எழுதிப் பாருங்கள். "எனக்கு", "சும்மா", "யாருக்காவது" என்று வருகிற வரிகளை அடித்துவிடுங்கள், அந்தத் துணி சுகமாகக் கிடக்கட்டும். ஆள் பெயர் வருகிற வரி ஒன்றோ இரண்டோ மிஞ்சும். வைலேயில் படிக்கப்போகிற மகன், மாசியில் பிறக்கப்போகிற குழந்தை, ஊரிலிருந்து முதல் தடவையாக டிசம்பர்க் குளிருக்கு வருகிற மாமி. அந்த ஆளுக்கே ஃபோன் எடுத்து, இன்ன நாள் தருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். மாமியிடம் சொன்னால் விசேஷம். மாமி மறக்கமாட்டார், ஊர் முழுக்கவும் சொல்லிவிடுவார்.

பிறகு, தையல் கிடக்கிற இன்னொரு வீட்டைத் தேடுங்கள். தமிழ் வீடு என்று இல்லை, கால்குலேட்டரோடு உட்கார்ந்திருக்கும் டேனிஷ் தோழியும் ஆகும். வாரத்தில் ஒரு மாலை, ஒரு மேசை, ஒரு விளக்கு. ஒருத்தி வெட்டட்டும், ஒருத்தி தைக்கட்டும், வாய் அதன்பாட்டில் பேசட்டும். மெஷினைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் புறப்படுவதற்கு முன் அதன் ஊசியைக் கழற்றிப் புதிது போட்டுவிட்டுப் போங்கள். ஓர் ஊசியை எட்டு மணி நேரத் தையலோடு மாற்ற வேண்டும்; அந்தக் கணக்கில் உங்கள் மெஷினில் இருப்பது எந்த ஆண்டு ஊசி என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.